மட்டும்: தொகையை எழுத்தால் எழுதும்போது

கிரயப் பத்திரமோ செக்கோ, தொகையை எழுத்தால் எழுதினால் கடைசியில் வந்து நிற்கிற சொல் 'மட்டும்'. இங்கிலீஷில் 'ஒன்லி' போடுகிற இடம்.

மட்டு என்றால் அளவு, எல்லை. கொத்தனார் பார்க்கிற மட்டம், மட்டுப்படுத்துதல் எல்லாம் அந்த உறவுதான். கன்னடத்தில் மட்ட, தெலுங்கில் மட்டமு. 'பொழுது சாயற மட்டும் காட்டுலதான் இருந்தோம்' என்று நம்ம கொங்குப் பக்கம் சொன்னால் 'வரைக்கும்' என்று பொருள். பத்திரத்தில் வரும் 'மட்டும்' இந்தப் பொருளுக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது: தொகை இதுவரைக்கும், இதற்கு மேல் இல்லை. மலையாளத்தில் அதே இடத்தில் மாத்ரம், கன்னடத்தில் மாத்ர. வடமொழிச் சொல், தமிழில் மாத்திரம். அதற்கும் அளவு என்றே பொருள். மட்டும் இருக்கும்போது மாத்திரம் எதற்கு என்பது என் கட்சி.

அலங்காரத்துக்குப் போடுவதல்ல இது. ஈரோட்டில் மஞ்சள் விற்ற கணக்குக்கு 'நாற்பது' என்று எழுதி இடம் விட்டால், பின்னால் 'ஆயிரம்' சேர்க்க ஒரு பேனா போதும். முன்பக்கமும் ஆபத்துதான்: 'பத்தாயிரம்' என்பதற்கு முன் 'இலட்சத்து' நுழைந்துவிடும். பேச்சில் 'நாற்பது ரூபாய்' என்பதைப் பத்திரத்தில் 'ரூபாய் நாற்பது மட்டும்' என்று திருப்பிப் போடுவதால் இரண்டு பக்கமும் அடைபடுகிறது. ஆடு மாடு மேய்க்கிற கொறங்காட்டுக்குச் சுற்றிலும் கிளுவை முள்வேலி கட்டுகிற மாதிரி. ரூபாய் நோட்டில் 'நூறு ரூபாய்' என்று பேச்சு வரிசையிலேயே இருக்கும், மட்டும் கிடையாது. அச்சான தொகைக்கு வேலி தேவையில்லை.

எழுத்துக்கு இத்தனை காவல் ஏன் என்றால், எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. நடைமுறையில் அப்படிப்பட்ட செக்கை வங்கி பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், அது வேறு கதை. எழுத்துப்பிழையும் பார்க்க வேண்டும்: 'முன்னூறு' அல்ல, முந்நூறு, 'தொன்னூறு' அல்ல, தொண்ணூறு.

இலட்சத்துக்குத் தமிழ் நூறாயிரம். 'பலகோடி நூறாயிரம்' என்று பெரியாழ்வார் பாடியிருக்கிறார். நல்ல சொல்தான், ஆனால் செக்கில் எழுதினால் கவுண்டரில் இருப்பவர் இரண்டு முறை படிப்பார். அங்கே இலட்சமே இருக்கட்டும்.

இன்னொன்று. சிலர் செக்கில் 'மட்டுமே' என்று எழுதுகிறார்கள். அந்த ஏகாரம் 'இவ்வளவுதானா!' என்று வியக்க வைப்பதற்கு. திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் விற்கிறவர் 'நூறு ரூபாய் மட்டுமே' என்று பலகை வைக்கலாம். செக் எழுதுகிறவருக்கு அது பொருந்தாது.