கவுண்டி சிறையிலிருந்து வெளியே வந்தவரின் பதிவைத் தேடுவது எப்படி? கலிபோர்னியா சட்டம் தரும் உரிமை

நேற்றிரவு வரை ஷெரீஃப் அலுவலகத்தின் இணையதளக் கைதிப் பட்டியலில் இருந்த பெயர் இன்று காலை இல்லை. விட்டுவிட்டார்களா, வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களா, குடியேற்றத் துறையினர் அழைத்துப் போய்விட்டார்களா? குடும்பத்தாரின் வயிற்றைக் கலக்கும் கேள்வி இது. அடிபட்டுப் புகார் கொடுத்த பெண்ணுக்கோ அந்தப் பதிலில் உயிரே அடங்கியிருக்கிறது. இருவருமே அதைக் கேட்டுப் பெறலாம். கலிபோர்னியாவில் அது சட்டம் தந்த உரிமை.

பெயர் மறைவதற்குக் காரணம் எளிது. பல கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) தேடல் பக்கம் அப்போது உள்ளே இருப்பவர்களை மட்டுமே காட்டும். சான்டா கிளாரா கவுண்டியின் சான் ஹோசே, மில்பிட்டாஸ் சிறைகளானாலும் சரி, அலமீடா கவுண்டியின் டப்ளின் நகரில் உள்ள சான்டா ரீட்டா சிறையானாலும் சரி, அவை கவுண்டியின் கையில் உள்ளவை. மாநிலச் சிறைத்துறைக்கு உட்பட்டவை அல்ல. ஆகவே மாநிலத் தளத்தில் தேடிப் பயனில்லை. கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். எந்தக் கவுண்டியில் கைது நடந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணையப் பக்கத்திலிருந்து பெயர் போனாலும் பதிவு அலுவலகத்தில் இருக்கும். கலிபோர்னியா பொது ஆவணச் சட்டத்தின் 7923.610 பிரிவு, கைதானவரின் பெயர், பிறந்த தேதி, தொழில், உடல் அடையாளங்கள், கைதான நாள், நேரம், இடம், சாட்டப்பட்ட குற்றங்கள், ஜாமீன் தொகை ஆகியவற்றைப் பொதுமக்களுக்குத் தரச் சொல்கிறது. நமக்கு முக்கியமானது அடுத்து வருவது: விடுதலையான நேரமும் விடுதலையான விதமும், விடவில்லை என்றால், இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது. ஒருவரின் பாதுகாப்புக்கோ புலன்விசாரணைக்கோ ஆபத்து என்றால் மட்டும் மறுக்கலாம். வீட்டு முகவரி இதில் சேராது. அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. சிறார் வழக்குகளும் பொதுவாக இதற்கு வெளியே.

விடுதலையான விதம் என்ற அந்த ஒற்றை வரியைத்தான் நம்மவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். 'வெளியே விட்டுவிட்டார்கள், வழக்கு முடிந்தது' என்று ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நீதிமன்றத் தேதியைத் தவறவிட்டுப் பிடிவாரண்டில் போய் நிற்பவர்கள் உண்டு. ஜாமீன் பத்திரம் என்று இருந்தால் பிணை கட்டியிருக்கிறார்கள். வழக்கு அப்படியே இருக்கிறது. சொந்த உறுதிமொழி என்றால், வாய்தாவுக்கு வருவேன் என்று கையெழுத்திட்டுப் பணம் கட்டாமல் வந்திருக்கிறார். அங்கும் வழக்கு இருக்கிறது. தண்டனைக் காலம் முடிந்தது என்றால் குற்றம் தீர்ப்பாகிவிட்டது. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் (Penal Code) 849(பி)(1) என்ற எண் இருந்தால் செய்தி வேறு: வழக்குத் தொடுக்கப் போதிய முகாந்திரம் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். அதைக் கைது என்றே சட்டம் கொள்வதில்லை, தடுத்துவைப்பு என்றுதான் கொள்கிறது. நால்வரும் ஒரே கதவு வழியாகத்தான் வெளியே வந்தார்கள். அவர்களை ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பெரிய அநியாயம்.

அடுத்த சிக்கல் நம் பெயர். தேடல் பெட்டி குடும்பப் பெயரை முதலில் கேட்கும். கந்தசாமியின் மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முருகேசன் என்பது குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து உட்காரும். சிறையில் பதிந்த ஊழியர் கையில் இருந்த அட்டையைப் பார்த்து அப்படியே ஏற்றியிருப்பார். ஆகவே முருகேசன், கந்தசாமி என்று இரண்டையும் இரண்டு கட்டங்களிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் விசாவில் உள்ளபடியே இருக்கட்டும். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும். சிறைப் பதிவு எண் கிடைத்தால் இந்தத் தொல்லைகள் இல்லை. முதல் அழைப்பிலேயே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குடியேற்றத் துறையின் தடுப்புக்காவலில் தேடுவதற்கு வெளிநாட்டவர் பதிவு எண்ணும் பிறந்த நாடும் வேண்டும். எண் இல்லாவிட்டால் பதிவில் உள்ளபடி முழுப்பெயரும் பிறந்த நாடும்.

தேடல் பக்கத்தில் கிடைக்காவிட்டால் ஷெரீஃப் அலுவலகத்தின் பதிவுப் பிரிவுக்கு எழுதுங்கள். மின்னஞ்சல் போதும். முழுப்பெயர், பிறந்த தேதி, கைதான நாள், மேலே சொன்ன பிரிவு எண், 'விடுதலையான நேரமும் விதமும் வேண்டும்' என்ற வாக்கியம், அவ்வளவுதான். ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. தர முடியுமா முடியாதா என்று 10 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சில சூழல்களில் மட்டும் மேலும் 14 நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் என்றால் பொதுவாகப் பிரதி எடுக்கும் செலவு மட்டுமே.

வழக்கின் நிலைமையை அறிய அந்தக் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் எனப்படும் விசாரணை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீதிமன்றத்தின் இணையப் பட்டியலில் பிறந்த தேதியை வைத்துத் தேட முடியாது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை உண்டென்று தீர்ப்பளித்தது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். வழக்கு எண் கையில் இல்லாமல் இவர்தான் அவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2008இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய மார்ஸி சட்டத்தின்படி, கேட்டுக்கொண்டால் விடுதலை பற்றிய தகவலை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இதோடு வைன் (VINE) என்ற இலவச அறிவிப்புச் சேவையும் உண்டு. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், சிறையிலிருந்து பிணையில் வந்த முன்னாள் காதலன் ஓர் இளம்பெண்ணை 1993 டிசம்பரில் அவளுடைய 21ஆம் பிறந்தநாளில் சுட்டுக் கொன்றான். அவன் வெளியே வந்தது அவளுக்கும் குடும்பத்துக்கும் தெரியாது. அந்தச் சாவிலிருந்து 1994இல் பிறந்ததுதான் இந்தச் சேவை. பதிவு செய்தவர் யார் என்பது கைதிக்குத் தெரியாது. உங்கள் கவுண்டி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பு வரும் என்று அதை மட்டும் நம்பி இராமல் சிறைக்கு நேராகவும் அழைத்துக் கேளுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு 'முழு வரலாறு' தரும் தனியார் தளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய தகவல், ஆள் மாறிய தகவல், கைது மட்டும் இருந்து தள்ளுபடி இல்லாத தகவல் என்று குவிந்து கிடக்கும். கைதுப் படத்தை வெளியிட்டு, நீக்கப் பணம் கேட்பது கலிபோர்னியாவில் 2015 முதல் சட்டவிரோதம். தண்டனையில் முடியாத கைதைப் பற்றி வேலை தருபவர்கள் கேட்கவும் பொதுவாகத் தடை இருக்கிறது.

கைதானது நீங்களே என்றால், தண்டனையில் முடியாத கைதின் பதிவை மூடி முத்திரையிட அதே தண்டனைச் சட்டத்தின் 851.91 பிரிவின் கீழ் மனுப்போடலாம். படிவத்தின் எண் சி.ஆர்.-409. வழக்கு நடந்த கவுண்டியின் நீதிமன்றத்தில், வழக்கே பதிவாகவில்லை என்றால் கைது நடந்த கவுண்டியின் நீதிமன்றத்தில், அதைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன், கைரேகை கொடுத்து மாநில நீதித்துறையிடமிருந்து (Department of Justice) உங்கள் சொந்தப் பதிவை வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்துவிடுங்கள்.