"இவர் குடிப்பதே இல்லையே, டாக்டர்"

அவர் பள்ளி ஆசிரியர். வயது 54. விடியற்காலையில் ரத்த வாந்தி எடுத்து அவசரப் பிரிவுக்கு வந்தார். உணவுக்குழாயின் அடியில் புடைத்துக்கொண்டிருந்த ரத்தக் குழாய்களுக்கு எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் போட்டுக் கசிவை நிறுத்தினோம். மறுநாள் ஸ்கேனில் கல்லீரல் சுருங்கி மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. மண்ணீரல் பெருத்திருந்தது. சிரோசிஸ், அதாவது தழும்பேறி ஈரல் இறுகிப்போகும் நோய் என்று நான் சொன்னதும் முதலில் பேசியவர் அவருடைய மனைவிதான். "இவர் குடிப்பதே இல்லையே, டாக்டர். ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. ஊரில் யார் நம்புவார்கள்?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஈரல் கெட்டது என்றாலே குடிதான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். குடி கல்லீரலை அழிக்கிறது என்பதை வார்டில் நாள்தோறும் பார்க்கிறவன் நான். அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒற்றை முடிவால், குடிக்காதவர்கள் தங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று இருந்துவிடுகிறார்கள்.

அவருடைய மகள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நகைக்கடை பிளாஸ்டிக் உறைக்குள் பழைய அறிக்கைகள் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேன் அதில் இருந்தது. பித்தப்பையில் கல் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: ஃபேட்டி லிவர் (கொழுப்புக் கல்லீரல்), கிரேடு 1. "அப்போதே கேட்டோம், டாக்டர். இது எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டார்கள்."

எல்லோருக்கும் இருப்பதுதான் என்ற இந்தச் சொல்லை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். பலருக்கு இருக்கிறது என்பது உண்மை. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிரோசிஸ் வராது என்பதும் உண்மை. ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த அறிக்கையை மடித்து வைப்பது தவறு. கல்லீரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்புகள் கிடையாது. மேலுறை இழுபடும்போதுதான் கொஞ்சம் வலி தெரியும். பாதிக்கு மேல் கெட்ட பிறகும் மீதியை வைத்துக்கொண்டு வேலையை ஓட்டிவிடும். ஆகவே வலி இல்லை, பசி எடுக்கிறது, மஞ்சள் காமாலை இல்லை என்பதையெல்லாம் வைத்து எதையும் சொல்ல முடியாது.

கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல். சர்க்கரை நோயும் இடுப்புச் சுற்றளவும் கூடியிருப்பவர்களுக்கு அந்தக் கொழுப்பு அழற்சியை உண்டாக்கலாம். அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழும். தழும்பு கூடக் கூட ஈரல் இறுகும். வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பாய்வதுபோல, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் வழியின்றி உணவுக்குழாயின் சிறு குழாய்களில் ஏறிப் புடைக்கிறது. மண்ணீரலிலும் தேங்குகிறது. அங்கே தட்டணுக்கள் சிக்கிக்கொள்வதால் ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை இறங்குகிறது.

மஞ்சள் பையில் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையும் இருந்தது. அப்போது வயது 51. ஈரல் செல்கள் சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 42; பிளேட்லெட் 1,40,000. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஆனால் இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்க ஃபிப்-4 என்றொரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து (இங்கே 140), எஸ்.ஜி.பி.டி. அளவின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால் இவருக்கு 2.7 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 வரை பொறுக்கலாம். 2.67-ஐத் தாண்டினால் கல்லீரலில் தழும்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம்; உடனே ஃபைப்ரோஸ்கேன் எடுத்து ஈரலின் இறுக்கத்தை அளந்திருக்க வேண்டும். கணக்குக்குத் தேவையான எண்கள் மூன்று ஆண்டுகளாக அந்த உறைக்குள் கிடந்தன. ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. மருத்துவர்களாகிய எங்கள் மீதும் இதில் பிழை இருக்கிறது.

இவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சர்க்கரை நோயாளி கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும் என்பது ஓரளவு பரவியிருக்கிறது. கல்லீரல் இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. 2021-இல் மத்திய அரசு ஃபேட்டி லிவர் நோயைச் சர்க்கரை, இதய நோய், புற்றுநோய்த் தடுப்புத் திட்டத்தோடு சேர்த்தது. 2023-இல் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் 'மது சாராத' என்ற பழைய பெயரைக் கைவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த நோய் என்று மாற்றின. நோயின் பெயரிலிருந்தே மது விலகியது என்று சொன்னபோது அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சரி, செய்ய வேண்டியது என்ன? எடைதான் முதல் மருந்து. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு வடியத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். பத்தைத் தாண்டினால் தழும்பேகூடப் பின்வாங்கக்கூடும். நம் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டுச் சோற்றை அப்படியே வைத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். அளவுக்கு மீறிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாகத்தான் மாற்றுகிறது. மூன்று வேளையும் அரிசி, நான்கு மணிக்கு மிக்சரும் இனிப்பு டீயும், வெயிலுக்குப் பாட்டில் ஜூஸ்: குடிக்காத மனிதரின் ஈரலில் கொழுப்பு வந்த வழி இதுதான். காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இரண்டு கரண்டி சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

'ஈரல் சுத்தம்' என்று விற்கப்படும் பொடிகளையும் டானிக்குகளையும் நம்பாதீர்கள். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். அதனால்தான் எந்த மூலிகை கொடுத்தாலும் பலித்ததுபோலத் தெரிகிறது. தழும்பு அப்படி ஆறாது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளை ஒரு முறை செய்துகொள்ளுங்கள். பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் இப்போது நடமாடுகிறார். ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுக்க வருகிறார். சிரோசிஸ் வந்த ஈரலில் புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தாக வேண்டும். மூன்றாவது முறை வந்தபோது தம்பியையும் அழைத்து வந்தார். தம்பிக்கு 84 கிலோ எடை, சர்க்கரை நோய் எல்லைக்கோட்டில், ஃபிப்-4 கணக்கு 1.6, ஃபைப்ரோஸ்கேனில் லேசான இறுக்கம். பதினொரு மாதத்தில் 7 கிலோ குறைத்திருக்கிறார். போன வாரம் வந்தபோது பெல்ட்டில் புதிதாகக் குத்திய இரண்டு துளைகளைக் காட்டினார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் ரத்தப் பரிசோதனை எண்களைத் தன் டைரியில் எழுதிக்கொண்டிருந்தார்.