நிரலர்: புரோகிராமருக்குத் தமிழ்ப்பெயர்

கொங்கு நாட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீட்டில் "மாப்பிள்ளை என்னுங்க பண்றாரு?" என்று கேட்டால் "ஐ.டி.ல இருக்காருங்க" என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கோவையில் சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் அந்த வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் புரோகிராமர், சாஃப்ட்வேர் இன்ஜினியர், டெவலப்பர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இவற்றில் மூத்தது புரோகிராமர். அதற்கு நம்மிடம் இருக்கும் சொல் நிரலர்.

கிரேக்க மொழியில் 'புரோ' என்றால் முன். 'கிராஃபோ' என்றால் எழுதுகிறேன். ஊரார் பார்வைக்கு எழுதி வைக்கும் அறிவிப்பு 'புரோகிராமா'. ஆங்கிலத்துக்கு வந்தபின் கச்சேரி, நாடகங்களின் நிகழ்ச்சிப் பட்டியலை அது குறித்தது. 1940-களில் கணிப்பொறிக்குத் தரும் கட்டளை வரிசைக்கும் அதுவே பெயராயிற்று. 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியை வேலை செய்ய வைத்தவர்கள் ஆறு பெண்கள். கம்பிகளை இடம் மாற்றிச் செருகுவதும் சுவிட்சுகளைத் திருப்பி வைப்பதும்தான் அன்றைய புரோகிராம். அப்புறம் துளை அட்டைக்காலம். தாளில் ஒருவர் எழுதித் தர, இன்னொருவர் அட்டையில் துளை போடுவார்.

துளை அட்டை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சிறுமுகையில் பட்டுச்சேலை நெய்யும் தறியைப் பார்த்தவர்களுக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி தெரியும். நூலால் கோத்த அட்டைகள் அதில் ஒவ்வொன்றாகத் திரும்பும். ஒரு ஊடைக்கு, அதாவது குறுக்கு இழைக்கு, ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் கொக்கி தன் பாவு இழையை, அதாவது நெடுக்கு இழையை, தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். இரண்டு அட்டைகளை இடம் மாற்றிக் கோத்துவிட்டால் பூ கோணிப்போகும். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்தை 1843-இல் விளக்கிய ஏடா லவ்லேஸ், இந்தத் தறியைத்தான் உவமையாகக் காட்டினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளை அட்டைகளில்தான் எண்ணினார். இப்போது பல தறிகளில் அட்டை போய், வடிவத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றுகிறார்கள். எது முன், எது பின் என்ற வரிசை மட்டும் மாறவில்லை.

அந்த வரிசையைச் சொல்லும் சொல்தான் நிரல். 'நிகழ்ச்சி நிரல்' என்று அழைப்பிதழில் அடிக்கிறோமே, அதே நிரல். இலக்கணத்தில் இது இன்னும் பழையது. சொற்களை அடுக்கிய வரிசையிலேயே பொருத்திப் பொருள் கொள்ளும் நிரல்நிறைப் பொருள்கோளைத் தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பது கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லிவருவது. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று வரிசைப்படி பொருத்திப் படிக்க வேண்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் இடப்பக்கம் இரண்டு பெயரும் வலப்பக்கம் இரண்டு மதிப்பும் ஒரே வரியில் எழுதினால் முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று போய்ச் சேர்வதும் இதே முறைதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தக் குறளை வைத்தே அந்த வரியைச் சொல்லிக்கொடுக்கலாம். தமிழ் வாத்தியாரும் கணினி வாத்தியாரும் சேர்ந்து உட்கார வேண்டிய பாடம் அது.

கட்டளைத்தொடர், செய்நிரல் என்றெல்லாம் எழுதிப் பார்த்த பிறகு நிரல், நிரலர், நிரலாக்கம் என்பவை பாடநூல்களில் நிலைத்தன. 2010 ஜூனில் கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் கணிப்பொறியில் தனித்தனி எண் தரும் யூனிகோடைத் தமிழ் எழுத்துக்குத் தரமாகத் தமிழக அரசு ஏற்றதும் அப்போதுதான். ஐ.டி. நிறுவனங்களுக்கான கோவை டைடல் பார்க் திறந்ததும் அதே ஆண்டு. அதற்குப் பத்திருபது ஆண்டுக்கு முன் ஆலைகளின் கணிப்பொறிப் பிரிவில் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் போட்ட வேலை, 2010-க்குள் வெளிநாட்டு வங்கிக்கும் கடைக்கும் நிரல் எழுதுவதாக வளர்ந்துவிட்டிருந்தது.

இன்று செயற்கை நுண்ணறிவே வரிகளை எழுதித் தருகிறது. நிரலருக்கு எழுதுகிற வேலை குறைந்து, வந்ததைப் படித்துச் சரிபார்க்கிற வேலை கூடியிருக்கிறது. என்ன செய்யவேண்டும், எதற்குப் பின் எது என்று முடிவு செய்வது இன்றும் அவர் பொறுப்புதான். அதனால் 'எழுதுபவர்' என்று பெயர் வைக்காமல் நிரலர் என்று வைத்தது நல்லதாகப் போயிற்று. பிழையைக் குறிக்கும் 'பக்' என்பதற்கும் இலக்கணத்திலிருந்தே சொல் வந்திருக்கிறது. திணை வழு, பால் வழு என்று படித்தோமே, அந்த வழு. அதைத் தேடி எடுப்பது வழுநீக்கம்.

நிரலாளர் என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதிலும் தவறில்லை. நிரலர் என்பது இன்னும் சுருக்கம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவும் நிற்கும். "நிரலில் வழு இருக்கிறது, நிரலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று அலுவலகத்தில் தாராளமாகச் சொல்லலாம்.