சமூகச் செல்வாக்கைத் 'தாக்கம்' ஆக்காதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களுக்கு வரும் துண்டறிக்கைகளில் குடியைப் பற்றியும் போதைப்பொருளைப் பற்றியும் எழுதும்போதெல்லாம் 'சமூகத் தாக்கம்', 'சகநண்பர் தாக்கம்' என்றே போடுகிறார்கள். மலாய் மூலத்தில் ஓரிடத்தில் 'பெங்ஙாரு' (செல்வாக்கு) இருக்கும், வேறோரிடத்தில் 'கெசான்' (விளைவு) இருக்கும். மலாயில் இரண்டாக இருப்பது தமிழுக்கு வந்ததும் ஒன்றாகிவிடுகிறது.

பிறரைப் பார்த்தோ, பிறர் சொல் கேட்டோ, பிறருக்குப் பயந்தோ ஒருவரின் எண்ணமும் நடத்தையும் மாறுவதுதான் சமூகச் செல்வாக்கு. 'இன்ஃப்ளூயன்ஸ்' (influence) என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'உட்பாய்தல்' என்று பொருள். விண்மீன்களின் ஆற்றல் மனிதருக்குள் பாய்கிறது என்று நம்பிய சோதிடத்தில் புழங்கியது. தமிழில் செல் + வாக்கு, அதாவது செல்லுபடியாகும் சொல். 'கிராணி (தோட்ட எழுத்தர்) சொன்னா செல்லும்' என்று தோட்டத்தில் பேசுவது இதைத்தான். வாக்கு வடசொல்லாயிற்றே என்பார்கள். 'வாக்குண்டாம்' என்று தொடங்கும் மூதுரையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நமக்கு அது அந்நியமா?

தாக்கம் 'தாக்கு' என்பதிலிருந்து வந்தது. வெள்ளத்தின் தாக்கம், விலையேற்றத்தின் தாக்கம் என்பது சரி. அங்கே மோதல் நடந்து முடிந்துவிட்டது, மோதப்பட்டவருக்குத் தேர்வு இல்லை. செல்வாக்கில் கேட்பவர் மறுக்கலாம். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் கோடுகளின் நீளத்தைக் கேட்டுச் சோதித்தபோது, உடனிருந்த கூட்டம் வேண்டுமென்றே தவறாகச் சொன்ன சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகளே கூட்டத்தோடு போயின. சரியான விடை சொல்ல ஒரே ஒருவர் துணைக்கு இருந்தாலே கூட்டத்தின் பிடி பெரிதும் தளர்ந்தது. இன்னொரு உளவியலாளர் ஹெர்பர்ட் கெல்மன் 1958-இல் செல்வாக்கை இணங்குதல் (வெளிக்கு மட்டும் ஒத்துப்போதல்), ஒன்றுதல் (ஒருவரோடுள்ள உறவுக்காக ஏற்றல்), உளமேற்றல் (தன் மதிப்பீடாகவே ஏற்றல்) என மூன்றாகப் பிரித்தார். வெறுமனே இணங்கியவர், பார்ப்பவர் கண் நகர்ந்ததும் பழைய வழிக்கே போவார். இத்தனை ஏற்ற இறக்கத்தையும் 'தாக்கம்' என்ற ஒரு சொல் அழித்துவிடுகிறது. 'செல்வாக்கு' என்றால் எவரிடம் செல்லும், எதுவரை செல்லும் என்ற கேள்வி கூடவே எழும்.

அந்தக் கேள்விக்கு பீடோங்கின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஹார்வர்டு தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பு கள்ளை எதிர்த்து எழுந்தது; கள்ளுக்கடையை மறித்தது; 1947-இல் போலீசோடு மோதல் வந்தது. படையின் சொல் குடிப்பவரிடம் சென்றது. கள்ளுக்கடை உரிமத்திடம் செல்லவில்லை. அது அரசின் கையில் இருந்தது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தக்காரர்கள் கள்ளுக்கடையை மூடுவதையும் கூலி உயர்வோடு சேர்த்துக் கோரிக்கையாகவே வைத்தார்கள். குடிப்பவரைத் திருத்தினால் மட்டும் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய துண்டறிக்கையோ 'சமூகத் தாக்கத்தால் மாற்றம் வரும்' என்று எழுதிவிட்டு, கூலி, வீடு, உரிமம், சட்டம் எதையும் தொடாமல் முடிகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை மழுக்கியதால், வாசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வியும் மழுங்குகிறது.

பெங்ஙாருவுக்குச் செல்வாக்கு என்றும், கெசானுக்கு இடத்துக்கேற்ப விளைவு அல்லது பாதிப்பு என்றும் எழுதுங்கள். 'சகநண்பர் தாக்கம்' வேண்டவே வேண்டாம். 'கூட்டாளி சேர்க்கை' என்று போட்டால் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பாட்டிக்கும் புரியும்; 'சேர்க்கை சரியில்ல' என்று பேரனைத் திட்டுபவர் அவர்தானே.