ஸ்பீக்கரில் வாத்து கத்தினால் யாரிடம் போவது?

"தம்பி, தினமும் காலை ஆறரை மணிக்கு என் ஹோம் தியேட்டரில் வாத்து கத்துகிறது" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். திருச்சியில் இருபது வருடங்களுக்கு மேலாக டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இரண்டு கம்பத்துக்கு நடுவே செம்புக் கம்பி ஓடுகிறது. அந்த வீட்டுக்காரர் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறார், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுகிறவர். காலை வேளையில் 7 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் ஹாம்கள் கூடிப் பேசிக்கொள்வது வழக்கம். அந்தப் பேச்சுத்தான் சாரின் பக்திப் பாட்டுக்கு நடுவே புகுந்துகொண்டிருந்தது. போலீசில் எழுதிக் கொடுக்கலாமா என்ற யோசனையோடுதான் அவர் கடைக்கே வந்திருந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹாம் என்பது திருட்டு ரேடியோ இல்லை. தேர்வு எழுதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற்று, வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக் குறியை வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள் அவர்கள். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுவந்தவர்களில் ஹாம்களும் உண்டு. ஆகவே "எடு அந்தக் கம்பியை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சாரிடம் நான் கேட்டது ஒரு வாரம். சத்தம் வரும்போதெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்புறம் நேரத்தைக் குறித்துவையுங்கள், எந்தக் கருவியில் வந்தது என்பதையும் எழுதுங்கள் என்றேன். எப்போது பேசினோம் என்று பதிவேடு எழுதும் பழக்கம் ஹாம்களுக்கு உண்டு. இவருடைய தாளையும் அவருடைய பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் மேல் தவறு என்று யூகிக்க வேண்டியதில்லை. பார்த்தோம். சார் குறித்திருந்த ஒன்பதில் ஆறு பொருந்தின. மீதி மூன்று நேரங்களில் ஹாம்காரர் அலுவலகத்தில் இருந்திருக்கிறார்! அந்த மூன்றும் வாத்து இல்லை, வெறும் 'கரகர'. சார் வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் செய்த வேலை அது.

சரி, அந்த ஆறு? பேச்சு ஏன் ஸ்பீக்கருக்குள் வருகிறது? பழைய 2ஜி போனை ரேடியோப் பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன் 'டிடிக் டிடிக்' என்று கேட்குமே, அதே கதைதான். ஆம்ப்ளிஃபயர் ரேடியோ கேட்பதற்குச் செய்த கருவி அல்ல. ஆனாலும் வலுவான அலை ஏதாவது ஒரு வயர் வழியாக உள்ளே வந்துவிட்டால், அதில் இருக்கிற டிரான்சிஸ்டரோ ஐசியோ ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடைப்போல நடந்துகொண்டு அலையைச் சத்தமாக மாற்றிவிடுகிறது. ஹாம்கள் சிற்றலையில் பேசும் முறையில், பேச்சைச் சுமந்துவரும் அலையான சுமப்பலையையே அனுப்புவதில்லை. அதனால்தான் சொல் புரியாமல் வாத்துக் குரலாகக் கேட்கிறது.

எந்த வயர் வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், வால்யூம் திருகு போதும். சத்தம் வரும்போது வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். வாத்தும் குறைந்தால் அது வால்யூமுக்கு முன்னால், அதாவது டிவியிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ வரும் வயரில் நுழைகிறது. பாட்டு நின்று வாத்து மட்டும் அதே அளவில் கத்தினால் ஸ்பீக்கர் வயரையோ மின்சார வயரையோ சந்தேகப்படுங்கள். சார் வீட்டில் வாத்து அசையவே இல்லை.

பின்பக்க ஸ்பீக்கர்களுக்குப் போகும் வயர் கூரையோரமாகச் சுற்றிவந்தது. அளந்தேன், பத்தரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 300-ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7-க்கு ஏறக்குறைய 43 மீட்டர். அதில் கால் பங்கு 10.7. அந்த நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். பக்கத்து வீட்டு அலைவரிசைக்குச் சார் தன் வரவேற்பறையிலேயே ஓர் ஆன்டெனா கட்டி வைத்திருந்தார். அவரிடம் இதைச் சொன்னபோது கணக்கு வாத்தியார் என்ற முறையில் ஒரு தாளை எடுத்துத் தானே வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

மருந்து, ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் செய்த வளையம். ஸ்பீக்கர் வயரின் இரண்டு இழைகளையும் சேர்த்து, ஆம்ப்ளிஃபயருக்கு மிக அருகில், வளையத்துக்குள் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். கணினி வயர்களில் பார்த்திருப்பீர்களே, கிளிப் போட்டு மாட்டும் கறுப்பு உருளை, அதை ஒருமுறை மாட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று திருப்பித் தருகிறவர்கள்தான் அதிகம். வளையம் அலைக்குத் தரும் தடை, சுற்றுகளின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். மூன்று சுற்றுக்கு ஒன்பது மடங்கு. 7 மெகா ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையில் ஒற்றைச் சுற்று ஒன்றுக்கும் ஆகாது. இன்னொன்று, பழைய கணினி பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள் வெள்ளை வளையத்தை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது இரும்புத் தூள் வளையம், இந்த வேலைக்கு உதவாது. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் சரியான ஃபெரைட் கிடைக்கும், கடைக்காரரிடம் எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

வளையத்தைச் சுற்றியதும் வாத்து முக்கால்வாசி அடங்கியது. மின்சார வயரிலும் ஒன்று சுற்றினோம், மிச்சமும் போயிற்று. மூடியைத் திறந்து உள்ளே கெபாசிட்டர் வைப்பதும் உண்டு. அதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கேபிள் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அநேகமாக இணைப்பு முனையில்தான் கோளாறு. உள்ளே சுற்றியிருக்கும் கம்பி வலை துருப்பிடித்த வயரையும் கையால் முறுக்கி ஒட்டிய இணைப்பையும் மாற்றிவிட்டு, அதன் பிறகும் வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம்.

ஹாம்காரர் பக்கம் தவறே இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய கருவியிலிருந்து மடங்கு அலைகள், அதாவது அவர் பேசும் அலைவரிசையின் இரண்டு மூன்று மடங்கில் எழும் வேண்டாத அலைகள், கசிந்தால் நம் வீட்டில் எத்தனை வளையம் மாட்டினாலும் நிற்காது. சோதிக்க எளிய வழி, அவர் பேசும்போது அவர் வீட்டு டிவியையே பார்ப்பது. அதுவும் ஆடினால் அவர்தான் வடிகட்டி போட வேண்டும், ஆன்டெனாவை நம் சுவரிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். 100 வாட்டை 25 ஆகக் குறைத்தால் நம் வீட்டில் அலையின் வலிமை பாதியாகும், அவருடைய பேச்சு பெரும்பாலும் அப்படியும் போய்ச் சேரும். எதற்கும் இணங்காதவர் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம். எனக்கு இதுவரை அந்தத் தேவை வந்ததில்லை.

வேலை முடிந்து கிளம்பும்போது ஹாம்காரர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "சார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் ரேடியோவில் இரைச்சல் தாங்கவில்லை. உங்கள் மாடிப்படி விளக்கு எரியும் நேரம்தான் அது. ஒருமுறை அணைத்துப் பார்க்கலாமா?" சார் போய் அணைத்தார். 'உஸ்' என்றிருந்த ரேடியோ சட்டென அடங்கி, அடியிலிருந்து கொழும்புக்காரர் ஒருவரின் குரல் தெளிவாக எழுந்தது. அந்த மலிவு எல்இடி விளக்கைப் பிரித்துப் பார்த்தேன். இரைச்சலைத் தடுக்கும் சுருளுக்குப் பலகையில் இடம் அச்சிட்டிருக்கிறது. சுருள் இல்லை, அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.

விளக்கைச் சார் மறுநாளே மாற்றிவிட்டார். மோட்டார் ஸ்டார்ட்டரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.