லெப்ரகான்: குள்ளனா, குறளியா?

அயர்லாந்தில் நடக்கிற கதையாக 1999இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் வந்தது. லெப்ரகான் வீட்டுப் பையனுக்கும் தேவதைகளின் இளவரசிக்கும் காதல்; இரண்டு கூட்டத்துக்கும் பகை. அண்மையில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஆளுக்கொரு கருத்து. "குள்ளனுக்கும் தேவதைக்கும் காதல், அவ்வளவுதானே?" என்றார் சித்தப்பா. அத்தைக்கு அது குட்டிச்சாத்தான் படம். அக்கா மகன் மட்டும், "லெப்ரகானுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டான். குள்ளனும் இல்லை, குட்டிச்சாத்தானும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் என்ன என்று அடுத்த கேள்வி வரத்தானே செய்யும்.

ஐரிஷ் நாட்டார் கதைகளில் லெப்ரகான் ஒரு சிறிய உருவம். கிழட்டு முகம், தனிக்கட்டை, தொழில் செருப்புத் தைப்பது. வேலிக்குப் பின்னால் டக் டக் என்று சுத்தியல் சத்தம் கேட்டால் அவன்தான். கையில் எப்போதும் ஒற்றைச் செருப்பு, ஜோடி கிடையாது. பிடித்துவிட்டால் தங்கம் புதைத்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கண்ணை அவனை விட்டு எடுக்கக் கூடாது. "உன் பின்னால் பார், மாடு வயலில் இறங்கிவிட்டது" என்பான். திரும்பினால் போச்சு, ஆள் மாயம். இன்று விளம்பரங்களில் பச்சைக் கோட்டுப் போட்டுச் சிரிக்கிறானே, 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர்கள் கண்டது சிவப்புக் கோட்டுதான். பச்சை பின்னால் வந்து ஒட்டியது.

சொல்லின் பழைய ஐரிஷ் வடிவம் 'லுகோர்பான்'. 'லூ' என்றால் சிறிய, 'கோர்ப்' என்றால் உடல், சிற்றுடலன். 'கோர்ப்' லத்தீனிலிருந்து வந்த கடன். நெடுங்காலம் எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இது. 2019இல் கேம்பிரிட்ஜ், பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் பழைய ஐரிஷ் அகராதியைத் திருத்தி வெளியிட்டபோது வேறொரு வழி காட்டினார்கள். ரோமில் பிப்ரவரி நடுவில் 'லூபெர்கேலியா' என்று ஒரு திருவிழா. ஆட்டுத்தோல் வாரோடு அரைகுறை ஆடையில் தெருவில் ஓடிய இளைஞர்களுக்கு 'லூபெர்கி' என்று பெயர். அந்தப் பெயர் கிறித்துவத் துறவிகளின் நூல்கள் வழியே அயர்லாந்துக்குப் போய், நீரோடு தொடர்புள்ள ஒரு விசித்திர இனத்தின் பெயராக மாறியதாம். மூன்றாவதாக, 'ஒற்றைச் செருப்பன்' என்று பிரித்துக் காட்டும் விளக்கமும் உண்டு. அது செருப்புக் கதை பரவிய பிறகு மக்களே சொல்லுக்குக் காரணம் கற்பித்தது.

நீர்த் தொடர்பு எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. லுகோர்பான்கள் வரும் மிகப் பழைய கதை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உல்ஸ்டர் அரசன் ஃபெர்கஸ் கடற்கரையில் தூங்குகிறான். இவர்கள் கூட்டமாக வந்து அவனைத் தண்ணீருக்குத் தூக்கிப் போகிறார்கள். கால் குளிர்ந்ததும் விழித்துக்கொண்டவன் மூன்று பேரைப் பிடித்துவிடுகிறான்: கைக்கு ஒன்று, மூன்றாவதை மார்போடு அணைத்து. விடுவிக்கக் கூலியாக நீருக்கடியில் நீந்தும் வித்தையைக் கேட்டு வாங்குகிறான். செருப்பும் இல்லை, தங்கப் பானையும் இல்லை. பிற்காலத்தில் அதே ஃபெர்கஸைப் பற்றி எழுந்த இன்னொரு கதையில் இவர்களின் அரசன் இன்னும் சிறுத்துப்போய்க் கஞ்சிப் பானைக்குள் விழுந்து தவிக்கிறான்.

சரி, தமிழுக்கு வருவோம். 'குள்ளன்' சரிப்படாது. அது உயரம் குறைந்த மனிதரைச் சொல்கிற, அதிலும் இளக்காரமாகச் சொல்கிற சொல். லெப்ரகான் மனிதனே இல்லை. குட்டிச்சாத்தான் மந்திரவாதி ஏவினால் போய் வேலை செய்யும். லெப்ரகான் யாருக்கும் அடங்காதவன். புதையலைக் காப்பதற்கு நம்மிடம் பூதம் இருக்கிறது, ஆனால் அது செருப்புத் தைக்காது.

'குறள்' என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டடிப் பாட்டுக்கு மட்டும் அது பெயரில்லை. குறுகிய உருவம் கொண்டவரையும் 'குறள்' என்பார்கள். புறநானூற்றிலேயே 'கூனும் குறளும்' என்று வருகிறது. சிவனைச் சூழ்ந்த குறட்பூதங்களும் உண்டு. இரண்டடி உயரம் என்றால் குறள், மூன்றடி என்றால் சிந்து என்று அகராதி அளந்தே வைத்திருக்கிறது. (1888இல் அச்சான ஒரு வருணனை லெப்ரகானுக்கு மூன்றடி தருகிறது. அந்தக் கணக்கில் அவன் சிந்து!) இதே வேரில்தான் 'குறளி' வருகிறது: குறும்பு செய்யும் சிறு ஆவி. குறளி வித்தை என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். சிற்றுடல், ஏய்ப்பு, கண்கட்டு மூன்றும் அந்தச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. அதுவும் ஏவலுக்குப் போகும் என்பார்கள். இருந்தாலும் இதைவிடக் கிட்டத்தில் எனக்கு வேறு சொல் அகப்படவில்லை.

தேவதைதான் பெரிய சிக்கல். ஆங்கிலத்து 'ஃபேரி' பிரெஞ்சு வழியாக, விதியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஐரிஷ்காரர்களுக்கு அது 'ஷீ', அதாவது மேடு. மேட்டுக்குள் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். ஐயாயிரம் ஆண்டு பழைய நியூகிரேஞ்ச் மேடுகூட அவர்கள் வீடுதான் என்கின்றன கதைகள். படத்தில் வரும் 'பான்ஷீ'யும் மேட்டுப்பெண் என்றே பொருள்படும். அவள் அழுதால் வீட்டில் சாவு. வெள்ளைக் கவுனும் இறக்கையும் மந்திரக்கோலும் இவர்களுக்கு இல்லை. பயத்தில் பெயரைச் சொல்லாமல் 'நல்லவர்கள்' என்பார்கள். நாம் நல்ல பாம்பு என்கிறோமே, அதே பயம். 1999இல் கிளேர் மாவட்டத்தில், இவர்கள் கூடும் இடம் என்று சொல்லப்பட்ட ஒரு முட்புதரை வெட்டாமல் சாலையை ஒதுக்கிப் போட்டார்கள்.

இவ்வளவு அச்சம் தரும் ஒன்றுக்கு, விளம்பரத்தில் சோப்பு விற்கிற 'தேவதை' என்ற பெயர் எப்படி ஒட்டும்? மலையிலும் நீரிலும் உறைந்து, பார்த்தவரை வருத்தும் அழகுக்குச் சங்கத் தமிழில் 'அணங்கு' என்று பெயர். காதலுக்கும் அந்தச் சொல் பழக்கம்தான்: திருக்குறளின் காமத்துப்பால் தொடங்குவதே 'அணங்குகொல்' என்ற ஐயத்தில். குழந்தைக் கதைக்குத் தேவதை இருந்துவிட்டுப் போகட்டும். ஐரிஷ் மேட்டுப்பெண் அணங்கு.

எழுதும்போது முதலில் 'லெப்ரகான் என்னும் ஐரிஷ் குறளி' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் குறளி என்றே போகலாம். ஒலிபெயர்ப்பிலும் 'லெப்ரகான்' போதும், 'லெப்ரக்கான்' என்று ஒற்றுப் போட வேண்டாம். ஐரிஷ்காரர் வாயில் அந்த இடம் அழுத்தமான 'க்' இல்லை. 'பகல்' என்பதில் வரும் நம் மெல்லிய ககரத்துக்குப் பக்கத்து வீடு.