சொல் விளக்கம்: பச்சாதாபம் வேண்டாம், ஒத்துணர்வு போதும்

"பச்சாதாபத்துடனும் கலாச்சார உணர்திறனுடனும் வாடிக்கையாளர்களை அணுகுகிறோம்." ஏற்காட்டில் ஒரு மனநல முகாமில் கொடுத்த துண்டறிக்கையில் இருந்த வரி இது. சேலத்தில் ஒரு கவுன்சிலிங் மையத்தின் பலகையிலும் கிட்டத்தட்ட இதே வாசகம். பிறர் உணர்வை அவர் இடத்தில் நின்று உணர்வதைக் குறிக்கும் எம்பதி என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் பச்சாதாபம் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்புச் செயலிகளும் அதையே தருகின்றன. மனம் நொந்து வருகிறவர் படிக்கும் இடத்தில் இந்தச் சொல் இருக்கவே கூடாது.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். வடமொழியில் பஸ்சாத் என்றால் பிறகு, தாபம் என்றால் சூடு, எரிச்சல். செய்துவிட்டுப் பிறகு உள்ளுக்குள் எரிவது பச்சாத்தாபம். நம் சொல்லில் கழிவிரக்கம். சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள நெசவுக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் பேச்சில் இந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் செய்த தப்பை நினைத்து வருந்துவது என்றுதான் பொருள். அவர்களிடம் போய் "உங்களைப் பச்சாதாபத்தோடு அணுகுகிறோம்" என்றால், இவர் நமக்கு என்ன கெடுதல் செய்தார் என்றுதான் யோசிப்பார்கள். தமிழில் மட்டும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பாவம் பார்ப்பது என்ற இடத்துக்கு வந்துவிட்டது. அனுதாபமும் அப்படித்தான், வடமொழியில் அதுவும் கழிவிரக்கமே. தமிழில் இறந்தவர் வீட்டுக்கும் தேர்தல் அலைக்கும் உரியதாகிவிட்டது.

"வேர் எதுவாக இருந்தால் என்ன, மக்கள் பழகிவிட்டார்களே" என்பார்கள். சரி, மக்கள் பழகிய பொருளையே எடுத்துக்கொள்வோம். "உன் பச்சாதாபம் எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் எதை வேண்டாம் என்கிறார்? மேலே நின்றுகொண்டு கீழே பார்க்கிற பார்வையை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்துக் கடனில் மூழ்கிய ஒருவர், உறவினர் யாரிடமும் வாய் திறக்காமல் முன்பின் தெரியாத ஆலோசகரிடம் வருகிறார் என்றால், உறவினரின் அந்தப் பார்வைக்குப் பயந்துதான் வருகிறார். எதிலிருந்து தப்பி வந்தாரோ அதையே வாசல் பலகையில் எழுதி வைத்து வரவேற்கிறோம். பழகிய பொருள்தான் இங்கே வேரைவிடப் பெரிய கெடுதல்.

எம்பதி ஒன்றும் பழைய சொல் இல்லை. கலைப்பொருளைப் பார்க்கிறவர் அதற்குள் தன் உணர்வைச் செலுத்துவதை ஜெர்மன் தத்துவவாதி ராபர்ட் விஷர் 1873-இல் ஜெர்மன் மொழியில் ஐன்ஃப்யூலுங் என்றார். இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி தியோடர் லிப்ஸ் அதைப் பிறர் மனத்தை அறிவதற்கு விரித்தார். 1909-இல் உளவியலாளர் எட்வர்ட் டிட்ச்னர் கிரேக்க வேரை எடுத்து ஆங்கிலத்தில் எம்பதி ஆக்கினார். அதை ஆலோசனை அறைக்குள் நிலைநிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1957-இல் அவர் சொன்ன இலக்கணம் முக்கியமானது: எதிரில் இருப்பவரின் உள்ளுலகைத் தன்னுடையது போல உணர வேண்டும், ஆனால் அந்தப் 'போல'வை ஒரு நொடியும் விட்டுவிடக் கூடாது. விட்டுவிட்டால் ஆலோசகரும் சேர்ந்து மூழ்குவார்; அப்புறம் கைகொடுக்க ஆள் இருக்காது.

அந்தப் 'போல' நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை" என்கிறது 315-ஆம் குறள். பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் எண்ணிக் காக்காவிட்டால் அறிவால் என்ன பயன் என்பது பொருள். தந்நோயாக என்று இல்லை, தந்நோய்போல். அதோடு இதை இரக்கத்தின் கணக்கில் வைக்காமல் அறிவின் பயனாக வைக்கிறார் வள்ளுவர். மனநலப் பயிற்சி வகுப்பில் முதல் நாள் பாடமாக வைக்கத்தக்க குறள் இது.

பச்சாதாபத்தை விலக்கிவிட்டால் எதை வைப்பது? பரிவு என்பார்கள் பலர். அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் பரிந்து பேசுவது என்றால் ஒருவர் பக்கம் நின்று பேசுவது. கணவன் மனைவி இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது ஆலோசகர் யாருக்குப் பரிவார்? கம்பேஷன் என்பதற்குப் பரிவை வைத்துக்கொள்ளலாம். அங்கே துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்ற விருப்பமும் சேர்கிறது, பொருத்தமாக இருக்கும். புரிந்துணர்வு என்றால் இன்று ஒப்பந்தம்தான் நினைவுக்கு வருகிறது. கண்ணோட்டம் திருக்குறளில் ஒரு தனி அதிகாரம். இரக்கத்தோடு பார்ப்பது என்பது அதன் பொருள். அதை நாம் வெறும் பார்வைக் கோணமாக்கிவிட்டோம். இனி அது திரும்பி வராது, வருத்தம்தான்.

மிஞ்சுவது ஒத்துணர்வு. இதிலும் குறை சொல்கிறார்கள்: ஒத்துப்போவது, ஒத்து ஊதுவது என்ற வாடை அடிக்கிறதாம். ஒத்து ஊதுவது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நாகசுரக்காரர் பக்கத்தில் ஒருவர் ஒத்து என்ற சுருதிக் குழலை ஊதுவார். ராகம் எங்கே போனாலும் அவர் அதைப் பிடுங்குவதில்லை, சுருதியை மட்டும் விடாமல் பிடித்திருப்பார். நல்ல ஆலோசகர் செய்வதும் அதுவே. இலக்கணமும் துணைக்கு வருகிறது. நன்னூல் அடுக்கும் உவம உருபுகளில் போல என்பதற்கு இரண்டு சொல் தள்ளி ஒப்ப நிற்கிறது; அதே ஒப்பு வேர்தான் ஒத்துணர்விலும். ரோஜர்ஸ் விடக் கூடாது என்ற 'போல' சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வேறெந்தத் தமிழாக்கத்துக்கும் இந்தத் தகுதி இல்லை.

அடுத்து, கலாச்சார உணர்திறன். உணர்திறன் என்பது கருவிக்கும் பல்லுக்கும் பொருந்தும் சொல். மனிதரின் பழக்கவழக்கம் அறிந்து நடப்பதைப் பண்பாடு அறிதல் என்றாலே விளங்குமே! ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இதற்குக் கண்ணெதிரே பாடம் இருக்கிறது. அங்குள்ள பழங்குடியினருக்குப் பெயர் மலையாளி. கேரளத்தோடு சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறி வந்தவர்கள் என்பது அவர்கள் மரபுக் கதை. பெயரை வைத்து மலையாளம் தெரிந்த ஆலோசகரை ஏற்பாடு செய்தால் அது பண்பாடு அறிதல் ஆகாது. அவர்கள் ஊர்ப் பெரியவர் சொல்லுக்கு என்ன மதிப்பு, சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டதை மருந்தோடு சேர்த்து எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அறிதல். "நெஞ்சு அடைக்குதுங்க, தலை கனமா இருக்குதுங்க" என்று உடம்பின் வழியாக மனத்தைச் சொல்கிறவரிடம், அது மனச்சோர்வு என்று உடனே திருத்தாமல் அவர் சொல்லிலேயே தொடர்வதும் அதில் சேரும். 1998-இல் அமெரிக்க மருத்துவர்கள் மெலனி டெர்வலானும் ஜான் மரே-கார்சியாவும் இதைக் கல்ச்சுரல் ஹ்யுமிலிட்டி என்றார்கள். ஒருவரின் பண்பாட்டை முழுதும் கற்றுத் தேர்ந்துவிட்டோம் என்று நினைக்காமல் கடைசிவரை கற்றுக்கொண்டே இருக்கும் பணிவு. பண்பாட்டுப் பணிவு என்றே தமிழில் எழுதலாம், ஒரு இடறலும் இல்லை.

வாடிக்கையாளர் என்பதுதான் என்னை இன்னும் அதிகம் உறுத்துகிறது. நோயாளி என்ற சொல் வேண்டாம் என்று ரோஜர்ஸ் கிளையன்ட் என்றார். வருகிறவர் தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பாளி என்று காட்ட அந்தச் சொல் அவருக்குத் தேவைப்பட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்டதை எடுத்து, அவரைக் கடைக்கு வருகிறவர் ஆக்கிவிட்டார்கள். வாடிக்கை என்றால் விடாமல் வருவது. ஆலோசனையின் நோக்கமோ ஒரு நாள் அவர் வரத் தேவையில்லாமல் போவது. வக்கீல் அலுவலகத்தில் அதே சொல்லைக் கட்சிக்காரர் என்று இடம் பார்த்து மாற்றத் தெரிந்த மொழி இது. கவுன்சிலிங் அறைகளில் வேலை செய்கிறவர்கள் பேச்சில் "வர்றவங்க" என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் அதை நாடி வருபவர் என்று வைத்துக்கொண்டால் போதும்.